பதினான்கு சிவப்பு ஒயர்கள்

மாமாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. வீடு வந்து சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் பனி கொட்டிக் கிடந்தது, பஸ் மூன்று மணி நேரம் தாமதம். அத்தை கட்டிக் கொடுத்த சாப்பாடு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். முட்டைக் கூடைக்குள் கிடந்தது, எடுத்து ரேடியோ மேல் வைத்திருக்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் நீங்கள் கொடுத்த பையை இங்கே வந்துதான் பிரித்தேன். தின்பதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே என் ரப்பர் பூட்ஸ். என் குல்லாய். டெஸ்டர். ஷேவிங் செட். கல்யாணமான ஐந்து வருஷத்தில் உங்கள் வீட்டில் எனக்கென்று சேர்ந்த எல்லாம், ஒன்று விடாமல். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி வேறு வைத்திருக்கிறீர்கள். நான் அதை ஒருநாளும் கழுவியதில்லை என்று உங்களுக்கே தெரியும்.

பஸ் கிட்டே வந்ததும் சொன்னீர்கள்: “இனிமே இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வரணும்னு இல்ல மாப்ள. சின்ன வயசு. உங்க பொழப்பப் பாருங்க.”

நான் “சரி மாமா” என்றேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அது வாய்ப் பழக்கம். எட்டு மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு திட்டினாலும் சரி என்றுதான் சொல்வேன். அந்தச் சரியை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

உங்கள் சின்ன மகள் நம்மை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. அவள் இல்லாமல் நான் அங்கே வந்த முதல் குளிர்காலம் இது. வரும்போது எனக்குப் பயமாகக்கூட இல்லை. ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் நீங்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனதைப் பார்த்துப் பின்னால் வந்தேன். மாடுகளின் தண்ணீர்த் தொட்டி விளிம்பு வரை உறைந்து கிடந்தது. தொட்டி ஹீட்டர் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை என்றீர்கள். ஒரு வாரம் ஐஸ் உடைத்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு போன் போடவில்லை.

சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். பதினான்கு ஒயர், பதினான்கும் சிவப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அவளும் போட்டது. இந்த வேலையைப் படித்தவன் நான், ஆனால் வேலை செய்தவள் அவள். நான் டார்ச் பிடித்தேன். மோட்டாருக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று என்று நிறம் மாற்றிப் போட வேண்டும், எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பின்னால் தொடுகிறவன் மாட்டிக்கொள்வான் என்று எவ்வளவோ சொன்னேன். “கடையில சிவப்பு மட்டும்தான் இருந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா போதாதா?” என்றாள். போதும் என்று நானும் விட்டுவிட்டேன். வேறு எந்தக் கட்டடத்திலும் நான் அப்படி விட்டதில்லை.

ஹீட்டர் ஒயரை எலி கடித்திருந்தது. வெட்டி ஒட்டினேன். மத்தியானத்துக்குள் ஐஸ் இளகி மாடுகள் குடித்தன. அப்போதுதான் கேட்டீர்கள், எந்த ஒயர் எதற்கு என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிட்டால் இனி டிராக்டர் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார் என்று. சொல்லிவிட்டுக் கறுப்பு மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. நான் கேட்கவில்லை, நீங்களாகவே மாடு நக்கிவிட்டது என்றீர்கள். அந்த மாடு அந்நேரம் தொட்டிக்குள் வாயை விட்டிருந்தது, மாமா.

என்னைப் பார்த்தால் அத்தைக்கு அழுகை வருகிறது, அத்தைக்காகத்தான் சொல்கிறேன் என்று கிளம்பும் அன்று காலையில் சொன்னீர்கள். அத்தை அழவில்லை. நான் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றபோது சூடாகப் பால் கொண்டுவந்து கொடுத்தார். சாக்ஸ் நனைந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, “அடுத்த வருஷம் வரும்போது நல்ல டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாப்ள. இங்க கெடைக்கறது ஒரு மாசம் தாங்கறதில்ல” என்றார். அடுத்த வருஷம் என்றார். வேண்டுமானால் இந்த இடத்தை வாசித்துவிட்டு அவரையே கேளுங்கள்.

அழுவது நீங்கள்தான். எனக்கு இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, தொழுவத்தில் அந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் அவளுடைய மஞ்சள் ஹேர்கிளிப்பைப் பார்த்தபோதும் வரவில்லை. மோட்டார் ஒயர்களைச் சேர்த்துப் பிடிக்க மாட்டியிருக்கிறாள். மீட்டரை வைத்து அளந்து எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். உங்களுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. அதனால் என்ன. இரண்டு பேரும் ஒரே தொழுவத்தில் நிற்கலாம்.

ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட படத்தை அன்றைக்கே வரைந்து முடித்துவிட்டேன். இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டால், நான் அங்கே வருவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமிருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அசட்டுத்தனம். யாராவது தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும்.

படம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டு, எது எங்கே போகிறது என்று எழுதியிருக்கிறேன். மெக்கானிக்குக்குப் பார்த்ததுமே புரியும், ஆனால் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சொல்லுங்கள். மஞ்சள் கிளிப்பையும் படத்தில் போட்டிருக்கிறேன். அதை யாரும் எடுக்கக் கூடாது.

ஆக, இனி ஒயருக்காக நான் வர வேண்டியதில்லை. அடுத்த குளிருக்கு வருகிறேன். வேலை ஒன்றும் இல்லாமல் வருகிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவேன், அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்வேனா என்று எனக்கே தெரியாது. அப்படி ஒருத்தி வந்தால் அவளுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு கூட்டி வருவேன். அவளிடம் நீங்களே சொல்லுங்கள், இவர் எங்கள் மாப்பிள்ளை இல்லை என்று. பார்க்கிறேன்.

என் சாமான்களைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டேன். தபால்காரர் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். பனியில் கடப்பாரையும் கையுமாக அலையாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அத்தையைத் தனியாகக் கோழிக்கொட்டகைப் படியில் ஏற விடாதீர்கள்.

உங்கள் வீட்டுப் பின்கதவுப் பக்கத்தில் அவளுடைய பூட்ஸ் இன்னும் நிற்கிறது. பார்த்தேன். அதில் சேறுகூட அப்படியே இருக்கிறது. அவளுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதை மட்டும் அனுப்பிவிட்டீர்களே மாமா.

என்னுடையதையும் அது பக்கத்திலேயே வையுங்கள். இனிமேல் கழுவ வேண்டாம்.

இப்படிக்கு,
இப்போதும் உங்கள் மாப்பிள்ளை