நல்ல அளவு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

‘நான் நலம்’ என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ அதட்டுகிறாய். அதனால்தான் கடிதம்.

குழந்தை நாலு வாய் உறிஞ்சுவதற்குள் அசந்துபோகிறான். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. எடையும் ஏறவில்லை. என் பாலில் சத்தில்லை என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்டலாம் என்றால் இவர், “உங்க அக்காதான் பிறந்த மறுநாளே கையிலயும் கால்லயும் லைட்டு மாட்டிப் பார்த்து நல்லாருக்குன்னாங்களே! நர்ஸைவிட உனக்குத் தெரியுமா?” என்கிறார். எனக்கும் அதுதான் தெம்பு. நீயே சொல்லு.

வாலு

மார்ச் 9

என் வாலுக்கு,

டியூட்டி முடிந்து, உடைகூட மாற்றாமல் உன் கடிதத்தைப் படித்தேன். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, இன்றே டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டேன். “சரிங்க அண்ணி” என்றார். விளக்கம் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. உனக்கு எழுதுகிறேன்.

அன்று நான் மாட்டிய அந்த லைட்டுக் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான் காட்டும். ஆக்சிஜனைக் குறைக்கிற இதயக் கோளாறுதான் அதில் சிக்கும். குறைக்காத கோளாறும் உண்டு. பால் குடிக்கும்போது வேர்ப்பதும் அசருவதும் அதற்கு அறிகுறியாக இருக்கலாம். “நல்லாருக்குடி” என்று நான் சொன்னது அந்த அளவைத்தான். முழுதாகச் சொல்லியிருக்கலாம். வார்டு முழுக்கப் பார்த்துக் கால் கடுத்துப்போய், ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டேன்.

உன் பாலில் ஒரு குறையும் இல்லை.

அக்கா

மே 2

வாலு,

ஆபரேஷன் அன்று வாசலில் நின்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மாப்பிள்ளைதான் வந்து, “இதயத்துல இருந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க அண்ணி. நீங்க கிளம்புங்க, அவ இப்ப பேச மாட்டா” என்றார். கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியதற்கும் பதில் இல்லை.

இன்று வார்டில் ஒரு குழந்தைக்குக் காலில் ஆக்சிஜன் அளவு குறைவாக வந்தது. அழுகை அடங்கிய பிறகு மறுபடி மாட்டினேன். அப்போதும் குறைவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்களாம். வார்டில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்துப் பாராட்டினார்கள். சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது.

இப்போதெல்லாம் அளவு நன்றாக இருந்தாலும், “பால் குடிக்கிறப்ப வேர்த்தா, மூச்சு வாங்கினா, உடனே வாங்க. நாங்க பார்த்துட்டோம்னு இருந்துடாதீங்க” என்கிறேன். உனக்குச் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்கிறேன்.

அக்கா

மே 11

அக்கா,

கோபம் இருந்தது. இல்லையென்று பொய் எழுத மாட்டேன். என் பிள்ளைக்கு ஒன்றென்றால் உனக்குத் தெரியாமல் போகுமா என்று நம்பினேன், அவ்வளவுதான். அதை இன்னும் விழுங்க முடியவில்லை. ஆனால் கோபத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய உடம்பில் வலுவும் இல்லை.

இப்போது மடக் மடக்கென்று குடிக்கிறான். குடித்துவிட்டு விடிய விடியக் கத்துகிறான். மாமியார், “பிள்ளைக்குத் தெம்பு வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. நர்ஸாக வராதே, பெரியம்மாவாக வா. வந்ததும் அவனைக் கையில் வாங்கிக்கொள். பேச வேண்டியதை நான் எழுந்த பிறகு பேசலாம்.

முதலில் நான் தூங்கணும்.

வாலு