அத்தைக்கு ஒரு கவுளி வெற்றிலை

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தைக்கு,

மருமகன் சந்தோஷ்குமார் வணக்கத்தோடு எழுதுகிறேன். இங்கே நான், உங்கள் மகள் ஜோதிமணி, பேத்தி தமிழ்ப்ரியா மூவரும் சுகம். வயிற்றுக்குள் இருக்கிற நாலாவது ஆளும் சுகம்தான். உதைக்கிற உதையைப் பார்த்தால் மாமாவின் கோபம் அப்படியே இறங்கியிருக்கிறது போலிருக்கிறது. ராமாபுரத்தில் நீங்களும் மாமாவும் நலம்தானே? மக்காச்சோளம் அறுத்தாயிற்றா? அறுப்பு முடியவில்லை என்று மட்டும் இந்த வாரம் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் எங்கே பிடிகொடுக்கிறீர்கள்? "சாப்ட்டீங்களாங் மாப்ளை" என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன் என்பேன். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பதற்குள் "இருங், மாமாகிட்டக் குடுக்கறனுங்" என்று போன் கைமாறிவிடும். அதனால்தான் எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற உங்கள் ஊர்ச் சித்தையனிடம் இதைக் கொடுத்து, உங்கள் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். ஜோதிக்குத் தெரியாது. அவள் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ஜோதிக்கு ஆபரேஷன் வியாழக்கிழமை காலையில். நேரம் குறித்த கதையை மாமா சொன்னாரா? முதலில் எனக்குப் போன் போட்டு, டாக்டரம்மா எந்தக் கிழமையில் ஆபரேஷன் செய்வார், எந்த நேரத்துக்கு வருவார் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஜோசியரிடம் போயிருக்கிறார். ஜோசியரும் அதே கிழமை, அதே நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். மாமாவைப் போல மாமனார் யாருக்குக் கிடைப்பார்!

"நல்லா இருக்கற வயித்துல எதுக்குக் கத்தி வெக்கோணும்" என்று நீங்கள் மாமாவிடம் கேட்டதாகத் தெரிந்தது. நியாயமான கேள்வி. நானும் இதையேதான் டாக்டர் உமாதேவியிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். போன தடவை குழந்தையை மிஷின் வைத்து இழுத்ததில் ஜோதிக்கு உள்ளே ஆழமாகக் கிழிந்துவிட்டது, ரத்தமும் ஏகமாகப் போய்விட்டது. இந்தத் தடவை சுகப்பிரசவமே நல்லபடியாக ஆகவும் ஆகலாம், மறுபடியும் கிழியவும் கிழியலாம். இப்படித்தான் நடக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆபரேஷன் என்றால் அதிலும் சில ஆபத்துகள் உண்டு, ஆறுவதற்கு நாளாகும் என்று அதையும் மறைக்காமல் சொன்னார். இரண்டையும் சொல்லிவிட்டு, உடம்பு உன்னுடையது, நீ யோசித்துச் சொல்லம்மா என்று ஜோதியிடமே விட்டுவிட்டார். ஜோதி நிதானமாக யோசித்துத்தான் ஆபரேஷனே செய்துகொள்கிறேன் என்று சொன்னாள். அவளுக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவைச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அவள் நன்றாகத் தூங்குகிறாள். முதல் குழந்தை பிறந்து எத்தனை மாதம் அவள் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தாள் என்பதை என்னைவிட நீங்கள்தான் அதிகம் பார்த்திருக்கிறீர்கள்.

உங்களுக்காகவும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன் அத்தை. தலைப்பிரசவத்தை ராமாபுரத்தில் வைக்காமல் மைசூரிலேயே வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். குழந்தையின் முகம் மேலே பார்த்தபடி திரும்பியிருந்ததாம். எந்த ஊரில் வைத்திருந்தாலும் அந்தப் பிரசவம் கஷ்டமாகத்தான் இருந்திருக்குமாம். கூட இருந்தவர்கள் தயங்காமல் ஆம்புலன்சில் ஏற்றிக் கொள்ளேகாலுக்குக் கொண்டுபோனதுதான் பெரிய காரியம் என்றார். கூட இருந்தது யார் என்று கேட்டார். என் அத்தை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

இதை நான்கு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்கு நான் பஸ் பிடித்து ஓடி வந்தபோது நீங்கள் பிரசவ அறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தீர்கள். புடவையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும், "நம்பி உட்டுட்டுப் போனீங்க, நா பாத்துக்காமப் போயிட்டனுங் மாப்ளை" என்று சொன்னீர்கள். அப்போது நான் டாக்டரைத் தேடி ஓடிவிட்டேன். பிறந்த வீட்டில்தான் தலைப்பிரசவம் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அதை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை, நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் எனக்குப் பெண்டாட்டியும் மகளும் இருக்கிறார்கள். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இங்கே ஏற்பாடெல்லாம் நடக்கிறது. புதன்கிழமை மாலை சேர்ந்துவிட வேண்டும். ரத்தம் ஏற ஊசி போட்டிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. அவசரத்துக்கு ரத்தமும் எடுத்து வைத்துவிடுவார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம். ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பாளாம், குழந்தை அழுவதைத் தன் காதாலேயே கேட்கலாமாம். போன தடவை மயக்கத்தில் கிடந்த அவளுக்கு அது கிடைக்கவில்லையே. நகப்பூச்சு இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதில்தான் பிரியாவுக்கு மகா கோபம். அம்மாவுக்கு அவள்தான் பூசிவிட்டிருந்தாள். தம்பியோ தங்கையோ வந்த பிறகு மூன்று பேருக்கும் நானே பூசிவிடுகிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அவளுக்குச் சடை பின்னவும் கற்றுக்கொண்டுவிட்டேன். என் சடை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் தாங்குகிறது. "அம்மாயி யாவாக பர்த்தாரெ" என்று பாதி கன்னடத்தில் தினமும் கேட்கிறாள். எப்போது வருவீர்கள் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல?

இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டுக்கானது, நீங்கள் வந்து நிற்பது முறையில்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். முறைப்படி நிற்க வேண்டிய என் அம்மா சுவரில் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து ஜோதியை வைக்கிற அறையில் ஆண்களை விடமாட்டார்களாம், ஒரு பெண் துணை மட்டும் இருக்கலாமாம். நஞ்சம்மா நான் இருக்கிறேன் என்று தாமாகவே சொன்னார். தங்கமான மனுஷி. ஜோதியும் சரி என்றாள். சரி என்று சொன்ன முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மா வரட்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அவள் யார் பெற்ற பெண்?

டிஸ்சார்ஜ் ஆனதும் ராமாபுரத்துக்குக் கூட்டி வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்கள். கட்டாயம் வருவோம். உங்கள் பூண்டுக் குழம்பையும் பிரசவக் காயமருந்தையும் அவள் இப்போதே நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அது அதற்குப் பிறகு. நான் கேட்பது வியாழக்கிழமை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்று ஜோதி ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள். குழந்தையைச் சுற்ற உங்களுடைய பழைய நூல் புடவையைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதற்கு அடியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது. உள்ளே பாக்குவெட்டி. இது யாருடையது என்று கேட்டேன். அம்மாவுடையது, ஆம்புலன்சில் வலி வரும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்தது என்றாள். இத்தனை வருடமாகவா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அது இருக்கட்டும், நீங்க எடுக்காதீங்க" என்று வாங்கிப் புடவைக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டாள். நீங்கள் அன்றைக்குத் தொலைந்துபோனதாக நினைத்த வெற்றிலைப் பைதான் அது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டு, அத்தை ஏன் இப்போது வெற்றிலை போடுவதில்லை என்று கேட்டேன். நீங்கள் பல் வலி என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? நானும் நம்பி, வரும்போதெல்லாம் கிராம்புத் தைலம் வாங்கி வந்தேன். அதை மாமா முழங்காலுக்குத் தடவிக்கொள்கிறாராம்! மாமா முதலில் மக்காச்சோள விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றினார். பிறகு, "மாதேசன் மலைல வெச்சுச் சாமிகிட்டச் சொல்லிட்டாளுங் மாப்ளை. புள்ள அடுத்ததப் பெத்து நல்லபடியா எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் வெத்தலையத் தொடறதில்லைன்னு" என்றார். சோறில்லாமல் இருந்தாலும் வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டீர்களே அத்தை.

நீங்கள் வராததற்கு முறை காரணமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அந்த மாதிரி ஒரு கதவுக்கு வெளியே நிற்க உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான் அத்தை. ஜோதியிடம் காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரிகிறேன். தனியாக நிற்க என்னாலும் முடியாது. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து நிற்போம்.

சித்தையன் புதன்கிழமை காலையில் கிளம்பி மைசூருக்குத் திரும்புகிறான். அவனோடு பஸ் ஏறுங்கள். கொள்ளேகாலில் மாறும்போது அவனே உங்களுக்கு இடம் பிடித்துத் தருவான். பஸ் ஸ்டாண்டில் நானும் பிரியாவும் வந்து நிற்போம். அறுவடையை மாமா பார்த்துக்கொள்வார், கேட்டுவிட்டேன்.

சாமியிடம் கொடுத்த வாக்கை மீறச் சொல்லவில்லை. ஜோதி எழுந்து உட்கார்ந்து உங்களிடம் நாலு வார்த்தை பேசட்டும். அதுவரைக்கும் காத்திருங்கள். இப்போதே வாங்கினால் வாடிவிடும் என்பதால், அவள் உட்கார்ந்தாள் என்று நீங்கள் வெளியே வந்து சொன்ன உடனே மார்க்கெட்டுக்கு ஓடி, நல்ல இளசாகப் பார்த்து மைசூரு வெற்றிலை ஒரு கவுளி வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவேன். சுண்ணாம்பும் கொட்டைப்பாக்கும் இன்றைக்கே வாங்கிவிட்டேன். சுருக்குப்பை உங்கள் மகளிடம் இருக்கிறது.

எனக்குப் பாக்கு வெட்டத் தெரியாது அத்தை. நீங்கள்தான் வர வேண்டும்.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும் மருமகன்,
சந்தோஷ்குமார்