உன் போனில் இருந்த மீதிப் படம்

கண்ணு,

கேட்டால் சிரிப்பாய். இன்று காலை கரூர் பஸ்ஸில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதலிக்கிற படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். கண்டக்டர் பயந்துபோய், "ஏனுங்கண்ணா, பர்ஸ எவனாச்சும் அடிச்சுட்டானுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, மொளகா பஜ்ஜிங்க. காரம்" என்றேன். என் கையில் பஜ்ஜி இல்லை. உன் போன்தான் இருந்தது.

நீ போன பிறகும் அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். அந்தப் படம் நீ நிறுத்தின இடத்திலேயே நின்றது. அடியில் ஓடும் சிவப்புக் கோடு முக்கால்வாசி வரைக்கும்தான் வந்திருந்தது. அதைத் தொட இத்தனை நாள் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தாலசீமியா என்று டாக்டர் சொன்னபோது உனக்கு நடக்கக்கூடத் தெரியாது. உன் உடம்பு தானாக ரத்தம் ஊற வைக்காது; மாதா மாதம் சேலத்துக்கு வந்து ஏற்ற வேண்டும் என்றார். ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக யாராவது கொடுக்க வேண்டும். நாமக்கல் லாரிப் பட்டறைப் பெயிண்டருக்கு ஆளுக்கா பஞ்சம்? பெயிண்ட் காயக் காத்திருக்கும் டிரைவர்களை வம்பிழுத்தே கூட்டிவருவேன். "ஊசிக்குப் பயந்துக்கறவருக்கு எதுக்குங்க இத்தாம் பெரிய மீசை?" என்றால் போதும், வந்துவிடுவார்கள். அவர்கள் ரத்தம் நேராக உனக்கு வராது என்று நர்ஸ் எத்தனை முறை சொன்னாலும் நீ விடமாட்டாய். "அப்பா, இன்னிக்கு எந்த வண்டி டிரைவருங்க? ஏத்துனதுல இருந்து ஆரன் அடிக்கோணும் போலயே இருக்குதுங்க."

ரத்தம் ஏறும்போது மட்டும்தான் நமக்குப் படம். "ஊட்லயே பாத்துட்டா தீந்து போயிருங்கப்பா. அப்பறம் அங்க போயி என்னத்தப் பாக்கறது?" என்பாய். அப்படித்தான் அந்தப் படத்தையும் ஆளுக்கு ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தோம். கதாநாயகிக்குத் தீராத நோய். அவளைப் பார்க்க ஒரு பையன் தினமும் பூவோடு வருகிறான். நீ பார்த்தது வேறு.

"கையில ஊசி குத்துன தடம் ஒண்ணாச்சும் இருக்குதுங்களா பாருங்க. இவ டோக்கன் போட்டு ஒரு நாளாச்சும் உக்காந்திருப்பாளா?"

"அதான் பூவு வருது. உனக்கு முறுக்குத்தான் வருது" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் உன்னைப் போலவே ரத்தம் ஏற்ற வரும் ஆட்டையாம்பட்டிப் பையனைத்தான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஊர் முறுக்கைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவான். அன்று நான் டீ வாங்கப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அவன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறான். நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். என்ன சொன்னாய் என்று உயிரை வாங்கினேன்.

"பந்தயங்கப்பா. இந்தப் படத்துல அவ செத்துருவா. சோகப் பாட்டு ஒண்ணு பாக்கியிருக்குது. பொழைச்சுட்டான்னா, அவன்கிட்ட என்ன சொன்னேன்னு சொல்றனுங்க."

"பொழைப்பா சாமி" என்றேன்.

அதற்குள் ரத்தம் முடிந்துவிட்டது. மீதி அடுத்த மாதம் என்று நிறுத்தினாய். அடுத்த மாதத்துக்கு முன்னாலேயே உன் இருதயம் நின்றுவிட்டது.

ஊரார் ரத்தம் ஏற ஏற இருதயத்தில் இரும்பு படியுமாம். அதைக் கரைக்கத்தான் அந்த மாத்திரைகளாம். முகம் சுளித்துக்கொண்டே ஒன்று விடாமல் கரைத்துக் குடித்தாய்; இருந்தும் படிந்துவிட்டது. எத்தனை லாரிக்குத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறேன். எந்தத் துருவானாலும் என் கைக்கு அடங்கும் கண்ணு.

சேலத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. இப்போது அந்தப் பையனுக்காக டிரைவர்களை வம்பிழுக்கிறேன். பொட்டலத்தை என்னிடம் நீட்டுவான். இரண்டு பேரும் கடித்துக்கொண்டிருப்போம். அன்று நீ சொன்னதைக் கேட்டால் சொல்லிவிடுவான், அவன் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. நான் கேட்பதில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

இன்றைக்கும் அவனுக்காகத்தான் கிளம்பினேன். பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றும் டிரைவர் ஒருவர் ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்டு, என்னோடு சேலத்துக்கு வர பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். போகிற வழியில் என்ன தோன்றியதோ, அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டேன்.

அவள் பிழைத்துவிட்டாள் சாமி. நீ சொன்ன சோகப் பாட்டும் வந்தது. அது முடிந்து, கடைசியில் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். காதில் இருந்து ஒயரைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஒயர் என் மடியில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது காவிரிப் பாலம் பின்னால் போய்விட்டிருந்தது. கண்டக்டர் வந்து, "ஏனுங்கண்ணா, வேலூர்ல எறங்கலீங்களா?" என்றார். இல்லை என்றேன். கரூர் வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டேன். வாழைத்தார் டிரைவர் போன் பண்ணி எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கரூரில் என்றேன். அங்கே என்ன வேலை என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வேலூர் வழியாகத் திரும்பும் நாமக்கல் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன்.