முதல் பகுதி முடிந்ததும் ஒரு செபம்

பியானோவின் மூடியைத் திறந்ததும் பூச்சிக்குப் போடுகிற வெள்ளை உருண்டையின் நெடி மூக்கில் ஏறியது. போன ஞாயிறு பின்னேரம், பள்ளிமுனையில் நம்முடைய சிற்றாலயத்தில், உன் நினைவாக வைத்த வாசிப்புக்குச் சற்று முன். அந்த உருண்டைகளைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டவள் நீதான். உப்புக்காற்றுக்கு அது ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னபோது, "பூச்சியாவது சாகட்டுமடி" என்றாய். நீ போய்விட்டாய், நெடி போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எல்லாம் நீ செய்த வேலை. நீ வருடாவருடம் இங்கே வாசிக்கத் தொடங்கினாயே, அந்த முதல் வருடம் நினைவிருக்கிறதா? போர்த்துக்கேயர் காலத்துச் சுவருக்குள் முதன்முதலாகப் பியானோ கேட்க ஊரே வந்திருந்தது. மூன்று பகுதிகள் கொண்ட சொனாட்டா. உன் பக்கத்தில் கதிரை போட்டு நான் தாள் புரட்டினேன். முதல் பகுதியை முடித்து நீ கையை எடுத்தாய். கோயிலுக்குள் யாரும் கை தட்டுவதில்லை. ஆலயம் அமைதியாகிவிட்டால் அடுத்தது செபம் என்பதுதான் எங்கள் சனத்தின் பழக்கம். பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து, செபமாலை தொடக்கிவைக்கும் றீற்றா அக்கா எழும்பி, அந்த வருடம் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிவிட்டா. எல்லோரும் முழந்தாளிட்டார்கள். உனக்குக் காது சிவந்துபோனது.

அன்றைக்கே நீ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் எத்தனை தடவை கேட்டேன்! "சொல்லித் துலையேன், அது முடிவில்லை, நடுவடி" என்றேன். "விடு. கடலிலை பிள்ளையைக் குடுத்ததுகள் செபிக்குதுகள். எனக்கும் கை ஆறும்" என்றாய். அடுத்த வருடத்திலிருந்து அந்த இடத்தில் நீயே கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாய். சனத்துக்கு அது பாட்டின் ஒரு பங்காகிவிட்டது. நீ சிரித்தாய், இப்போது விளக்கம் சொல்லி மாய்கிறவள் நான்.

இம்முறை வாசிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல பிள்ளை, நல்ல கை. எல்லாம் மனப்பாடம் என்பதால் தாள் புரட்ட ஆள் வேண்டாமாம். என் கதிரையைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு, முதல் பகுதிக்குப் பிறகு கொஞ்சம் நிற்கச் சொன்னேன். "அன்ரி, மூண்டும் ஒரே மூச்சு. இடையிலை செபம் வந்தால் எல்லாம் குழம்பிப்போகும்" என்றாள். பங்குச் சுவாமியிடம் போனேன். "செபத்தைப் பூசையிலை சொல்லலாம்தானே" என்றார். சொல்லலாம்தான். ஆனால் உன் பெயர் அந்த இடத்தில் சொல்லப்பட வேண்டும் என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தொண்டை கட்டும்வரை வாதாடினேன். நடக்கவில்லை.

அவள் நிற்காமல் வாசித்தாள். முதல் பகுதி முடிந்த இடத்தில் றீற்றா அக்கா எழும்பினா. இரண்டாம் பகுதி தொடங்கிவிட்டது, திரும்ப உட்கார்ந்துவிட்டா. உன் சொனாட்டாவில் ஒரு சுரத்தைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முடிந்ததும் ஒருவரும் அசையவில்லை. றீற்றா அக்கா முன்னால் போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டா. "வடிவாய் வாசிச்சீங்கள் பிள்ளை. நடுவிலை செபத்தை மறந்துபோனீங்கள், பரவாயில்லை. முதலாவதை இன்னொருக்கா வாசியுங்கோ, நாங்கள் சொல்லுறம்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவா கத்தவா என்று எனக்குத் தெரியவில்லை. பிழை விட்டது ஊர், திருத்தாமல் போனது நீ, மன்னிப்புக் கிடைத்தது அவளுக்கு! தலையை மட்டும் ஆட்டினேன். அவள் முதல் பகுதியை மறுபடி வாசித்துவிட்டு, உன்னைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வருசம் எங்களை விட்டுப் போனவைக்காக" என்று றீற்றா அக்கா தொடங்கினா. மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத ஒருவர், பேசாலையில் கட்டிக்கொடுத்த ஒரு பெண், பிறகு நீ. உன் முழுப்பெயர், திருமுழுக்குப் பெயரோடு. "அருள் நிறைந்த மரியே" என்றதும் ஆலயமே "புனித மரியே" என்று பதில் சொன்னது. என் வாய் திறக்கவில்லை. இதற்காகத்தானே சுவாமியோடு சண்டை பிடித்தேன்? இவ்வளவு காலமும் மற்றவர்களின் பெயர்களுக்கெல்லாம் தடையில்லாமல் சொன்ன வாய்தானே இது?

வீட்டிலும் அப்படித்தான். செபமாலையை எடுத்தால் உன் பெயர்வரை வருகிறேன், பிறகு உன்னோடு சண்டை தொடங்கிவிடுகிறது. ஊர் முழுவதும் சொல்லி முடித்த செபத்தை நான் மட்டும் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். சொன்னால் நீ செத்தவளாகிவிடுவாய்.