டப்பாவின் சட்டை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கடையில் துவைக்கிற இயந்திரங்களும் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, மேடையில் நீ எகிறிக் குதிப்பதை உலகமே பார்க்கிறது. டப்பா சுகமா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது, அவன் மண்டையில் பதினொரு தையல்.

ஆமாடி, வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்று மத்தியானம் அவன் அம்மா நம் சலவைக் கடைக்கு வந்து ஒரு வெள்ளைச் சட்டையை மேஜையில் போட்டாள், காலரிலிருந்து இடுப்பு வரை ரத்தம், காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. "எம் புள்ளை ஒரு இடத்துல தாளம் தப்பிட்டானாம், உம் பொண்ணு கிட்டாராலயே மண்டையில போட்டாளாம், ஜனம் கை தட்டுச்சாம்" என்றாள். நம் இஸ்திரி அறையில் சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உனக்குத் தாளம் தட்டின பையனடி அவன், அந்தப் பெயரே அதனால் வந்ததுதானே. அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து உங்கள் பாட்டுக் குழு நாலு பேரும் கத்தின கத்தலில் வாடிக்கையாளர் பாதிப் பேர் ஓடிப்போனார்கள், நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா.

உன் அப்பா சொன்னார், வாயாலா சொன்னார்! உன் முதல் கிட்டாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இஸ்திரி மேஜை விளிம்பில் இரண்டு அடி, தடுக்கப்போன எனக்கு மூன்றாவது அடி. நீ மூலையில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாய். ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் நீ கிட்டாரை உடைப்பது பெரிய புதுமை என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான், அது யாருடைய வீச்சு என்று எனக்கல்லவா தெரியும், அதே இரண்டு அடி, அதே தோள் இறக்கம். கட்டைதானே உடைகிறது, உடைந்து தொலையட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது அடியை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தது என் தப்பு.

சாயங்காலம் கடை டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வாதம் வந்து ஒரு கை விழுந்துபோன உன் அப்பா இன்னொரு கையால் தொடையைத் தட்டி, "பாருடி, அச்சு அசல் என் கை!" என்று சிரித்தார். சூடான இஸ்திரிப் பெட்டியை வயரோடு பிடுங்கி எறிந்தேன். ஒரு சாண் தள்ளியிருந்தால் அவர் மண்டை, நல்லவேளை டிவிதான் நொறுங்கியது. இத்தனை வருஷத்தில் நான் உடைத்த முதல் பொருள். உடைத்த நொடியில் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, உனக்கு அது தினமும் கிடைக்கிறதே, கூடவே கைதட்டலும்.

சட்டையை நான் துவைக்கவில்லை. நீ வந்து உன் கையால் கசக்கி, இஸ்திரி போட்டு, அவன் வீட்டு வாசலில் நின்று கொடுக்க வேண்டும். அவன் அம்மா திட்டினால் வாங்கிக்கொள், எதிர்த்துப் பேசாதே. அதுவரை அது அதே மேஜைமேல்தான் கிடக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, தொண்டையைப் பார்த்துக்கொள், பேரும் புகழுமாக நல்லா இரு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத்தண்ணீரும் உப்பும்தான், அதுவும் நாள் தள்ளினால் போகவே போகாது. என் துணிகளைத் துவைத்துக் கற்றுக்கொண்டது.

இப்படிக்கு,
மூன்றாவது அடி வாங்கிய
உன் அம்மா