மூன்று நொடிக்கு ஒரு பிள்ளை

செப்டம்பர் 4, வியாழன்

காலையிலிருந்து தென்மேற்குக் கச்சான் காற்று. என் ஸ்டுடியோ வாசலெல்லாம் மணல். கண்ணாடிக் கதவை மூன்று முறை துடைத்தாயிற்று.

ஞாயிறு புதுநன்மைப் பூசை. முதல்முறை நற்கருணை வாங்கும் பிள்ளைகள் 36 பேர். அதில் ஒருத்தி என் மகள் ஜெனி. படம் எடுப்பது நான்.

போன வருடம் மாதிரி ஆகக் கூடாது. ஃபாதர் ஒரு பிள்ளைக்கு அப்பம் கொடுத்து அடுத்த பிள்ளைக்குப் போக மூன்று நொடி. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராக நான்கு நொடி. அதுவரை பட்டன் அமுங்காது. பாதிப் பிள்ளைகளின் படம் போயிற்று. இரண்டு அம்மாக்கள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்று கட்டிலில் தலையணையை வைத்து, செல்போனில் நேரம் பார்த்து அடித்தேன். 4, 4, 5, 4, 7 நொடி. பத்தாவதுக்கு 9. சூடாகிவிட்டது. எனக்குந்தான்.

தனி ஃபிளாஷ் வேண்டும். பரீதாக்காவுக்குப் போன். கீழக்கரையில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவர்.

"வந்து எடுத்துக்கிட்டுப் போம்மா. திங்கக்கெழம காலைல எனக்கு வேணும்."

செப்டம்பர் 5, வெள்ளி

கீழக்கரை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பாம்பன் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு கடலைப் படம் எடுக்கிற கூட்டம். முக்கால் மணி நேரம் அங்கேயே.

பரீதாக்கா ஃபிளாஷைத் துணியில் சுற்றித் தந்தார். "உப்புக் காத்துல வைக்காத. மாட்டுற எடத்தத் தொடச்சிட்டு மாட்டு. இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் தவறாது."

வாங்கியது: சார்ஜ் பேட்டரி எட்டு. ஜெனிக்கு வெள்ளை சாக்ஸ். சேஃப்டி பின் ஒரு அட்டை. சாக்ஸ் பெரிசு.

இவர், ஜெனியின் அப்பா, நாளைக் காலை மீன்பிடிக்கக் கடலுக்கு. "ஞாயித்துக்கெழம விடியக்குள்ள கரைக்கு வந்துருவேன். எட்டு மணிப் பூசைக்கு அங்கன நிப்பேன்" என்று ஜெனியிடம் சொன்னார்.  

செப்டம்பர் 6, சனி

நாலு மணிக்குக் கோவிலில் ஒத்திகை. தனி ஃபிளாஷை மாட்டி அடித்தேன். முதல் ஆறு பிள்ளைகள் சரி. ஏழாவது, எட்டாவது இல்லை.  கோவிலுக்கு வெளியே போய்ப் பரீதாக்காவுக்குப் போன்.

"முழு பவர்ல அடிக்கிறியா? அப்ப மூச்சு வாங்கத்தான் செய்யும். பவர காலாக் கொற, கொறையிற வெளிச்சத்துக்குக் கேமராவுல ஐஎஸ்ஓவ ஏத்து. அதுக்குப் பெறகு பாரு."

குறைத்தேன். ஏற்றினேன். ஃபாதரிடம் கெஞ்சி மறுபடி வரிசை. 36க்கு 36! சத்தமாகச் சிரித்துவிட்டேன். கன்னியாஸ்திரி முறைத்தார்.

சந்தோசம் வீடு வரை வரவில்லை. ஒத்திகையில் ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் அம்மாவோ அப்பாவோ, தோளில் கை வைத்து. ஜெனிக்குப் பின்னால் யாரும் இல்லை.

வழியில் கேட்டாள். "அப்பா வருவாருல்ல?"

"வருவாரு."

"வரலைன்னா எம் பின்னாடி யாரு நிப்பா?"

"அம்மா எதுத்தாப்புல நின்னு படம் எடுக்கணும்ல?"

"படத்துக்குச் சொல்லல. பின்னாடிக்குக் கேட்டேன்."

 பேட்டரி எட்டும் சார்ஜில்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐந்தரைக்குக் கரைக்குப் போனேன். எல்லாப் போட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் போட் இல்லை. ஆறேகாலுக்கு இன்னொரு போட்டில் வந்தவர் சொன்னார்: "இஞ்சின் நின்னுபோச்சு. கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டு வாராக. ஆளுக்கு ஒண்ணுமில்ல. மத்தியானம் ஆகும்."

ஆளுக்கு ஒன்றுமில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எட்டு மணி நினைப்பு வந்தது. ஓட்டம்.

ஜெனியிடம் சொன்னேன். தலையாட்டினாள். சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உயரப்படி வரிசை. அவள் பதினாலாவது. ஃபிளாஷ் சொன்னபடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... எதுவும் தவறவில்லை. பத்தாவது பிள்ளை வந்தபோது கேமராவுக்குள் அவள் தெரிந்தாள். எல்லார் தோளிலும் கை. அவள் தோளில் சுருங்கின கவுன் மட்டும். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்திருப்பேனோ என்னவோ.

பதின்மூன்றை எடுத்தேன். கேமராவை பெஞ்சில் வைத்தேன். ஐந்தாறு எட்டு வைத்து அவள் பின்னால் போனேன். தோளைப் பிடித்தேன். எலும்பு கையில் தட்டியது. "ஆமென்" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

திரும்பி ஓடி கேமராவைத் தூக்கும்போது பதினைந்தாவது, லூர்தக்கா மகன் பிரிட்டோ, வாங்கிவிட்டு நடந்துகொண்டிருந்தான். ஃபிளாஷ் தயாராக இருந்தது. நான் இல்லை.

மற்ற எல்லாம் கிடைத்தது. 34.

ஒரு மணிக்கு இவர் வந்தார். கை முழுக்கக் கிரீஸ். "எங்க, படத்தக் காட்டு."

நான் வாய் திறப்பதற்குள் ஜெனி: "எனக்குப் படம் இல்ல. அம்மா எம் பின்னாடி நின்னுச்சு."

இவர் கையை லுங்கியில் துடைத்தார். "பரவால்ல. நீயே சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுப்பா. இனிக்கவே இல்ல."

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள். காலைப் பூசைக்குப் போகவில்லை. ஃபிளாஷைத் திருப்பிக் கொடுக்கக் கீழக்கரைக்குப் போய்த் திரும்ப மத்தியானம். ஸ்டுடியோ வாசலில் லூர்தக்கா.

"எம் புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுனான்?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்: பேட்டரி போயிற்று. சொல்ல வரவில்லை. "ஜெனி பின்னாடி நிக்கப் போனேன்க்கா. தப்பு எம்மேலதான்."

"பாத்தேன். கேமராவப் போட்டுட்டு ஓடுன." வாசல்படியில் உட்கார்ந்தார். "நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். அதுக்காகக் கோவம் இல்லன்னு நெனைக்காத."

சாயங்காலம் படம் எடுக்க பிரிட்டோவுக்கு மறுபடி வெள்ளைச் சட்டை. ஃபாதர் கோவிலுக்குள் விட்டார். அப்பம் தரமாட்டேன், அது விளையாட்டில்லை என்றார். சும்மா முழங்கால் போட்டான். நாக்கை மட்டும் நீட்டினான். லூர்தக்கா பின்னால், தோளில் கை. ஒரே பையன், அவசரம் இல்லை. கேமராவில் இருக்கிற ஃபிளாஷே போதுமாயிருந்தது. ஆறு படம், நடுவில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு.

"ஒம் மகளையும் கூட்டிட்டு வா. நான் எடுத்துத் தாரேன், நீ பின்னாடி நில்லு" என்றார் லூர்தக்கா.

வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. "நேத்தே நீ நின்னுட்டல்லம்மா?" என்றாள். கவுனை அவளே துவைக்க ஊறப்போட்டுவிட்டாள்.