மேற்குத் தெருவில் மிஞ்சிய மண்தரையைச் சிமெண்டால் மூட வேண்டாம்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சாயப்பட்டறைத் தொழிலாளி,
கடைசி வீடு, மேற்குத் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: எங்கள் வீட்டை ஒட்டிய காலி மண்தரையில் திங்கட்கிழமை தொடங்கவிருக்கும் வாகன நிறுத்தத் தளப் பணியை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஆணையர் ஐயா,

1. இது என் நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் வந்த ஒரே பதில், நகரின் வெப்பம் வழக்கமான அளவில்தான் உள்ளது என்பது. அந்த அளவு ஊருக்கு வெளியே, வானிலை நிலையத்தின் புல்தரையில், நிழற்பெட்டிக்குள் எடுக்கப்படுகிறது. நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை.

2. முப்பத்தொரு வருடம் சாயத்தொட்டியின் சூடு பார்த்தவன் நான். பட்டறையில் பயன்படுத்திய அதே வெப்பமானியின் குமிழைத் தரையோடு ஒட்டி, மேலே துணியை மடித்து மூடி, பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தேன். சிமெண்ட் தெருவில் அறுபத்தொரு டிகிரி. நான்கடி தள்ளி, மேற்படி மண்தரையில் நாற்பத்து நான்கு. பொழுது சாய்ந்த பிறகும் தெரு நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

3. என் மனைவி பக்கவாதத்தால் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். பேச்சு இல்லை, புழுங்குகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. மண்தரைப் பக்க ஜன்னல்தான் அவளுக்குக் காற்று. சென்ற கோடையில் தூசுக்குப் பயந்து அதை அடைத்தோம்; நான்காம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. "இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது" என்றார் மருத்துவர். இப்போது மருமகள் மணிக்கொரு தரம், "மாமா, அத்தைக்கு உடம்பு கொதிக்குது, வந்து தொட்டுப் பாருங்க" என்கிறாள். சூடு அறிந்த கைதான் என்னுடையது. தொடவே பயமாக இருக்கிறது.

4. தங்கள் அலுவலக எழுத்தர் பழைய கோப்பைப் புரட்டி, "பெரியவரே, சிமெண்டு போடுங்கன்னு கேட்டதே நீங்கதானே? இப்ப சுடுதுன்னா நாங்க வந்து விசிறி விடவா?" என்று சிரித்தார். கேட்டது உண்மை. பன்னிரண்டு வருடத்திற்கு முன் அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. சேற்றில் வழுக்கி என் மனைவிக்குக் கை முறிந்தது, அதற்காகக் கேட்டேன். சுவரிலிருந்து சுவர்வரை ஓரடி மண்கூட விடாதீர்கள் என்று எழுதியதும் நானே. தெரியாமல் எழுதினேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

5. ஆகவே திங்கட்கிழமைப் பணியை நிறுத்தி, தாங்களே ஒரு பிற்பகல் நேரில் வந்து இரு தரையையும் அளந்து பார்க்க வேண்டுகிறேன். வெப்பமானி நான் தருகிறேன். அதற்குமுன் கலவை வண்டி வந்தால், அந்த மண்ணில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று இந்தக் கை எழுதியதை நம்பி மண்ணை மூடினீர்கள். இன்றும் அதே கைதான் எழுதுகிறது.

இடம்: மேற்குத் தெரு
தேதி: ஏப்ரல் 9, வியாழக்கிழமை

பழைய கோப்பில் உள்ள அதே கையெழுத்துடன்,
(கையொப்பம்)
கடைசி வீட்டுக்காரன்